விளக்கு போன கொஞ்ச நேரம்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதம். திருப்பூர் மண்ணரையில் நான் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்க்கிற பனியன் கம்பெனியில் நடந்தது இது. கம்பெனி பெயர் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம். பெயரைப் போட்டால் என் மனைவி என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். இதை எழுதுவதற்கே அவளிடம் நாலைந்து நாள் கெஞ்சியிருக்கிறேன். "எழுதிக்குங்க, ஆனா உங்களைப் பத்தி மட்டும் எழுதுங்க" என்றாள். அவளை விட்டுவிட்டு எழுதினால் அதில் என்ன மிஞ்சும்? ஒரு ஜெனரேட்டரும் ஒரு டீசல் கேனும்தான் மிஞ்சும்.

எனக்குச் சொந்த ஊர் குன்னத்தூர் பக்கம். ஐ.டி.ஐ. முடித்த கையோடு திருப்பூருக்கு வந்தவன். வயர், மோட்டார், பேனல் போர்டு, இவைதான் என் உலகம். எனக்கும் கவிதைக்கும் ஏழாம் பொருத்தம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற நாளில் எனக்குத் தவறாமல் வயிற்றுவலி வந்துவிடும். கல்யாண வீட்டில் யாராவது மைக்கைப் பிடித்துக் கவிதை வாசித்தால், பந்தி எந்தப் பக்கம் என்று பார்க்கிற ரகம் நான்.

மனைவிக்கு உடுமலைப்பேட்டை பக்கம். தென்னந்தோப்புக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள். அவளும் எங்கள் கம்பெனியிலேயே ஓவர்லாக் டெய்லர். பேச்சு குறைவு என்றால் அப்படியொரு குறைவு. "என்ற ஊட்டுக்காரி வாயில்லாப்பூச்சிங்க" என்று நானே டீக்கடையில் பெருமையடித்திருக்கிறேன். சண்டை போடாத பெண்டாட்டி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று கூட்டாளிகள் பெருமூச்சு விடுவார்கள். நானும் மீசையைத் தடவிக்கொள்வேன்.

எங்கள் ஒரே மகள் கல்யாணமாகிக் கோயமுத்தூர் போன பிறகு, இருந்த பேச்சும் போய்விட்டது. "சாப்பாடு போடட்டுங்களா?" "போடு." "தண்ணி மோட்டாரு போட்டீங்களா?" "போட்டாச்சு." அவ்வளவுதான் எங்கள் வீட்டுப் பேச்சுவார்த்தை. இருப்பது லைன் வீடு. இந்தப் பக்கம் தும்மினால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "நூறாயுசு" என்று குரல் வரும். அப்படிப்பட்ட இடத்தில் புருஷன் பெண்டாட்டி என்னத்தைப் பேசிக்கொள்வது என்று நானும் விட்டுவிட்டேன்.

கம்பெனியில் அதற்கு நேர் எதிர். தையல் ஹாலுக்குள் நுழைந்தால் பக்கத்தில் நிற்பவர் சொல்வது காதில் விழாது. எங்கள் மிஷின்கள் எல்லாம் பழைய கிளட்ச் மோட்டார் மாட்டியவை. தைத்தாலும் தைக்காவிட்டாலும் அந்த மோட்டார் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். வரிசையாக அத்தனை மோட்டார்களும் சேர்ந்து சுற்றினால் தலைக்குள் ஒரு ரைஸ் மில் ஓடுகிற மாதிரி இருக்கும். அதற்கு மேலே எஃப்.எம். ரேடியோ வேறு. டெய்லர்கள் கையைக் காட்டித்தான் நூல் கேட்பார்கள், பீஸ் கேட்பார்கள்.

இந்தச் சத்தத்தை ஒழித்தே தீருவது என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன். கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு சர்வோ மோட்டார் மாட்டினால், பெடலை மிதித்தால் மட்டும் ஓடும், சத்தமே வராது. "கரண்டு மிச்சமுங்க, மோட்டார் சூடாகாதுங்க" என்று முதலாளி பின்னாலேயே அலைந்து அவரைச் சம்மதிக்க வைத்தேன். அவரிடம் சொன்னது கரண்டுக் கணக்கு. என் மனசுக்குள் இருந்தது மனைவியின் காது. நாள் முழுக்க அந்த இரைச்சலில் உட்கார்ந்துவிட்டு வருகிறாளே, பாவம், இதையாவது அவளுக்குச் செய்வோம் என்று நினைத்தேன். சத்தியமாக நல்ல எண்ணம்தான்.

முதலாளி சரியென்று தலையாட்டிய அன்று மிக்சர் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். "இந்த ஷிப்மென்ட் முடிஞ்சதும் எல்லா மிஷினுக்கும் புது மோட்டாரு மாட்டறோம் புள்ள. ஊசி கீழ விழுந்தாக் கேக்கும், அத்தனை அமைதியாயிரும் பாரு" என்றேன். சந்தோஷப்படுவாள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். தோசை கருகி வாசனை வந்த பிறகுதான் திருப்பிப் போட்டாள்.

மறுநாள் காலையில் எனக்கு டிபன் பாக்ஸைக் கொடுக்கும்போது சொன்னாள்.

"ஏனுங்க, இந்த ஷிப்மென்ட் முடியட்டுமுங்க. நான் வேலைய உட்டுப்போட்டு ஊருக்குப் போயி அண்ணன் தோப்புல இருந்துக்கறனுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"இருந்துக்கறனுங்க" என்று மறுபடியும் அதையே சொன்னாள்.

எத்தனை நாள் என்று சொல்லாத அந்த வார்த்தை என்னைக் கலக்கிவிட்டது. கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பண்ணலாம். அழுதிருந்தால் ஏன் என்று கேட்கலாம். உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னால் நான் என்ன செய்வது? மகளுக்கு போன் போட்டேன். "நீங்களே அம்மாகிட்டக் கேளுங்கப்பா" என்றாள். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான். என்னோடு வாழ்ந்து சலித்துவிட்டது என்று அவள் வாயால் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நான் எங்கே போய் நிற்பது? ஷிப்மென்ட் முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே பனியன் கம்பெனிக்காரன் திருப்பூரில் நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் முடிகிற நாள் வந்துவிட்டது. தூத்துக்குடிக்குப் போகவேண்டிய கன்டெய்னர் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தது. கடைசிப் பீஸ்கள் தையலில் இருந்தன. சாயந்தரத்துக்குள் ஏற்றியாக வேண்டும். தையல் ஹால் சூப்பர்வைசர் தேனிப் பக்கத்துத் தம்பி, நல்ல பையன்தான், அன்றைக்குக் கால் தரையில் படாமல் ஓடிக்கொண்டிருந்தான். வெளியே ஆடிக் காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் மிஷினில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், எங்கேயோ ஒரு பிளெக்ஸ் பேனர் பறந்து போய் லைனில் விழுந்து தொலைத்தது. கரண்ட் போய்விட்டது.

கரண்ட் போனால் அது என் நேரம். ஜெனரேட்டர் ஷெட் தையல் ஹாலை ஒட்டி வெளியில் இருக்கிறது. நடுவில் ஒரு கம்பி ஜன்னல். எங்களிடம் ஆட்டோமேட்டிக் எல்லாம் கிடையாது. நான் ஓடிப்போய்க் குனிந்து, சாவியைத் திருகி, ஓட்டம் நிதானமானதும், ஹாலின் இணைப்பை ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச் ஓவர் கைப்பிடியைத் தள்ள வேண்டும். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. ஹாலில் மோட்டார்கள் சுற்றி ஓய்வதற்குள் லைட்டைக் கொண்டுவந்துவிடுவேன். டெய்லர்கள் சோம்பல் முறிக்கக்கூட நேரம் கொடுக்கமாட்டேன். அதனாலேயே, இத்தனை வருஷத்தில் அந்த ஹால் முழு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. அமைதி வருவதற்குள் அதைக் கெடுப்பவனே நான்தானே!

அன்றைக்கும் ஓடினேன். சாவியைப் போட்டேன். ரேடியோ நின்றுவிட்டது, மோட்டார்கள் ஒவ்வொன்றாக மூச்சு விட்டு அடங்கிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் வடிய வடிய, அதற்கடியிலிருந்து ஒரு பெண் குரல் மேலே வந்தது.

யாரோ மொபைலில் ஏதோ போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியொரு கணீர் குரல். ஒவ்வொரு வார்த்தையையும் கையில் எடுத்துப் பார்த்து வைப்பதுபோல நிதானமாகச் சொன்னது.

"ஆடிக் காத்து தென்னைக்குச் சொன்னது:
உதிர வேண்டியதை உதிர்த்துப் போடு, அழாதே.
மட்டை விழுந்த இடம் உனக்குத் தழும்பு,
உன்மேல் ஏறி வருபவருக்கு அதுதான் படி..."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தென்னை மரத்தை நான் பார்த்ததில்லையா? மாமனார் தோப்பில் எத்தனை இளநீர் குடித்திருப்பேன்! மரம் முழுக்க வளையம் வளையமாக இருக்கிற அந்தத் தழும்பில்தானே மரமேறுகிறவர் கால் வைத்து ஏறுகிறார்! இத்தனை நாளும் அது என் கண்ணில் பட்டது, மனசில் படவே இல்லை. சாவியில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த வரி தொடங்கிய குரல் சட்டென்று நின்றது.

"அய்யய்யோ, கரண்டு போயிருச்சுங்களா?"

ஹாலே கொல்லென்று சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அது என் மனைவி.

ஜெனரேட்டர் மேலேயே கையை ஊன்றிக்கொண்டேன். என் மனைவியா? "போடட்டுங்களா, எடுக்கட்டுங்களா" என்பதைத் தவிர வேறு பேசாதவளா? அத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறோம், ஒருநாளும் அவள் குரல் இத்தனை பெரியது என்று எனக்குத் தெரியாது. மிஷின் சத்தத்துக்கு மேலே தனக்குத் தானே கேட்கவேண்டும் என்று உரக்கச் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறாள். யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் தினமும் அத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு வாய்விட்டுக் கவிதை சொல்லியிருக்கிறாள்! கண்ணை ஊசியில் வைத்து, மனசை எங்கேயோ வைத்திருந்தவளுக்கு, அன்றைக்கு மட்டும் லைட் போனதும் சத்தம் நின்றதும் உடனே தெரியவில்லை.

ஹாலுக்குள் ஒரே அமளி. "அக்கா, நீங்க உதட்டை அசைக்கறதப் பாத்து ஜெபம் பண்றீங்கன்னுல்ல நெனச்சேன்!" என்றது ஒரு குரல். அவளுக்கு அடுத்த மிஷினில் உட்காருகிற, வேளாங்கண்ணி மாதாவை விடாமல் கும்பிடுகிற பெண் அவர். "நான் அண்ணனைத் திட்டறீங்கன்னு நெனச்சேனுங்க்கா" என்றது இன்னொன்று. அண்ணன் என்றால் நான்தான். மறுபடியும் சிரிப்பு.

இப்போது நான் லைட்டைப் போட்டிருக்க வேண்டும். அதுதான் என் வேலை, வாசலில் கன்டெய்னர் வேறு நிற்கிறது. ஆனால் சிரிப்பு அடங்கியதும், "மிச்சத்தையும் சொல்லுங்கக்கா" என்று யாரோ கேட்டார்கள். சாவியைத் திருகினால் என் மனைவி சொல்லப்போகிற பதில் எனக்குக் கேட்காமலே போய்விடும். கையை எடுத்துவிட்டேன்.

சூப்பர்வைசர் தம்பி ஷெட் வாசலுக்கு ஓடிவந்தான். "என்னண்ணே இன்னும் ஸ்டார்ட் பண்ணல? கன்டெய்னர்காரன் கத்துறான். ஓனர் வந்தா என்னைய உரிச்சுத் தொங்கப் போட்டுருவாருண்ணே!"

"டீசல் லைன்ல ஏர் அடிச்சிருச்சு தம்பி" என்றேன்.

டீசல் குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகாது. போல்ட்டைத் தளர்த்தி, கையால் பம்ப் அடித்து, காற்றையெல்லாம் வெளியேற்ற வேண்டும். எப்படியும் கொஞ்ச நேரம் பிடிக்கும். எலெக்ட்ரீஷியன் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. பொய் சொன்னால் வாய் கோணும் என்பார்கள், எனக்கு ஒன்றும் கோணவில்லை. தம்பி தலையில் அடித்துக்கொண்டு திரும்பி ஓடினான். "ஏர் அடிச்சிருச்சாம்! நேரமாகும், யாரும் எந்திரிச்சுப் போயிராதீங்க!" என்று ஹாலில் அவன் கத்தியது எனக்குக் கேட்டது.

நான் ஜன்னலில் தெரியாதபடி ஷெட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். பெண் பார்க்கப் போன அன்றுகூட நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை.

உள்ளே அவர்கள் என் மனைவியை விடுவதாக இல்லை. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண், தமிழ் அரைகுறையாகக் கூடத் தெரியாது, "தீதி, அவுர் ஏக்" என்றாள். அக்கா, இன்னும் ஒன்று. அவளுக்கு என்ன புரிந்ததோ, கேட்கத் தோன்றியிருக்கிறது. எல்லோரும் சேர்ந்து கேட்டார்கள். என் மனைவி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சிரிக்கக் கூடாதுங்க" என்றாள். "அவரு ஷெட்டுல மல்லுக்கட்டிட்டு இருப்பாரு. அவருக்குக் கேக்காதல்லங்க?" என்றும் கேட்டாள்.

"அண்ணனுக்கு இப்ப ஏர்தான் கேக்கும்" என்றார்கள்.

அப்போதுதான் தம்பி மறுபடியும் ஷெட்டுக்கு வந்தான். நான் போல்ட்டைத் தொடவில்லை, பம்ப்பைத் தொடவில்லை, சுவரில் ஒட்டிக்கொண்டு சிலைபோல நிற்கிறேன். மாட்டிக்கொண்டேன். அவன் முகம் சிவந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தான். அதற்குள் ஜன்னல் வழியாக அந்தக் குரல் வந்துவிட்டது. இம்முறை மெதுவாக. சத்தத்தோடு சண்டை போடவேண்டிய அவசியம் இல்லையே.

"வெளிச்சம் கொண்டுவர ஓடுகிறவரே,
கொஞ்சம் மெதுவாகப் போங்கள்.
விளக்கு எரிந்தால் எனக்கு ஊசிதான் தெரியும்.
விளக்கு போன இந்தக் கொஞ்ச நேரம்தான்
எனக்கு நீங்கள் தெரிகிற நேரம்."

ஹாலில் சத்தமே இல்லை. கூரைத் தகரத்தைக் காற்று தடவிப் போனது மட்டும் கேட்டது. யாருடைய வளையலோ ஒருதரம் குலுங்கி நின்றது.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நான் மந்தம், ஒத்துக்கொள்கிறேன். சுவரோரத்தில் மறைந்தபடியே மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவள் மிஷின் அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே. ஹாலில் லைட் எரியும்போது தலை நிமிராமல் தைக்க வேண்டும். லைட் போனதும் உள்ளே மங்கிவிடும், வெளியே வெயிலில் நிற்கிற ஷெட் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் நான் முதுகைக் காட்டிக் குனிந்து சாவியைத் திருகியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்திருக்கிறாள். நானோ அந்தக் கொஞ்ச நேரத்தையும் குறைத்துக் காட்டுவதே என் சாமர்த்தியம் என்று ஓடியிருக்கிறேன்.

அண்ணன் தோப்புக்குப் போகிறேன் என்று சொன்னவள் இவள். என்னைச் சலித்துப் போகிறாள் என்று நான் பயந்தவள் இவள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீசல் புகை என்று சொல்லக்கூட வழியில்லை, ஜெனரேட்டர் ஓடவே இல்லையே.

உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், பிறகு கைதட்டல் கேட்டது. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஏர் போயிருச்சாண்ணே?"

"போயிருச்சு தம்பி."

"அப்ப போடுங்கண்ணே."

சாவியைத் திருகினேன். லைட் வந்தது, சத்தமும் வந்தது. என் பொய்யால் ஷிப்மென்ட் நின்றிருந்தால் நான் தூக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் யாரும் சொல்லாமலே பெண்கள் அன்றைக்கு டீக்கு எழுந்திருக்கவில்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்த நேரத்தைத் தைத்து ஈடுகட்டினார்கள். பொழுது சாயும்போது கன்டெய்னர் கிளம்பிவிட்டது.

வேலை முடிந்ததும் வழக்கம்போல அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாமல், வண்டியை உருட்டியபடி நடந்தேன். அவளும் ஏன் என்று கேட்காமல் கூடவே நடந்தாள். லைன் வீட்டுக்குள் போய்விட்டால் பேச முடியாது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நொய்யல் ஆற்றுப் பாலத்துக்கு வந்தபோது அவளே கேட்டாள்.

"ஏனுங்க, டீசல் லைன் இப்ப சரியாயிருச்சுங்களா?"

"ஏர் அடிக்கவே இல்ல புள்ள."

நின்றுவிட்டாள். "அப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"கேட்டுட்டு நின்னேன்."

"எது வரைக்கும்?"

"கடைசி வரைக்கும்."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பதறிப் பார்த்தால், அடுத்த நிமிஷம் வெடித்தாள். "பொம்பளைங்க பேசறத மறைஞ்சு நின்னு கேக்கறதாக்கும்? வெக்கமா இல்லீங்களா உங்களுக்கு? அந்த சூப்பர்வைசர் தம்பி வேற கேட்டுச்சா? அய்யோ சாமி, நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு உள்ள போவேன்?" என்று பாலத்தில் நின்று அவள் என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, வாயில்லாப்பூச்சியாவது ஒன்றாவது! எனக்கு அது தேனாக இருந்தது. திட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்து, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன்.

"ஏம்புள்ள ஊருக்குப் போறேன்னே?"

ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உள்ள ஒருத்தி பேசிட்டே இருக்கறாளுங்க. சின்ன வயசுல இருந்தே. தோப்புல இருந்தப்ப வாய்விட்டுச் சொல்லுவேன், காத்து கேட்டுக்கும். இங்க ஊட்டுல சொன்னா செவுத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும். எழுதி வெச்சா யாராச்சும் படிச்சுருவாங்கன்னு பயம். மிஷின் சத்தத்துல சொன்னா ஒருத்தருக்கும் கேக்காது. அதுதானுங்க எனக்கு இங்க இருந்த தோப்பு. நீங்கதான் சத்தத்தை எடுத்தறேன்னு சொல்லிப்போட்டீங்க. சத்தம் போனா நான் எங்கீங்க போயிப் பேசறது?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது என் கதை. அவள் காதுக்கு நல்லது செய்கிறேன் என்று, அவள் வாயை அடைக்கப் பார்த்திருக்கிறேன். "மொதலாளிகிட்டச் சொல்லி மோட்டார் மாத்தறதை நிறுத்திப்போடட்டுமா?" என்று கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன், அந்த நேரம் என்ன கேட்டிருந்தாலும் செய்திருப்பேன். அவள் சிரித்துவிட்டாள்.

"வேண்டாமுங்க. காது வலி எனக்கு மட்டுமா, எல்லாத்துக்குந்தானுங்க. அதுதான் எல்லாருமே கேட்டுப்போட்டாங்களே, இனி மறைச்சு என்ன பண்றது?"

"அப்ப ஊருக்கு?"

"போயிட்டு வரலாமுங்க. ரெண்டு பேருமாப் போலாம்."

அந்த "ரெண்டு பேருமா" என்ற வார்த்தைக்குப் பிறகு வண்டியை எப்படி வீடுவரை உருட்டினேன் என்றே எனக்கு நினைவில்லை.

அடுத்த வாரம் போனோம். காற்றாலைகள் சுற்றுகிற வெட்டவெளியைத் தாண்டித்தான் மச்சானின் தோப்பு. எல்லோரும் மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில் என்னைத் தோப்புக்குள் அழைத்துப் போனாள். காற்றில் மட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சல் எங்கள் ஹாலின் இரைச்சலைப் போலவே இருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அவள் ஒரு மரத்தில் கையை வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். ஓடைத் தண்ணீரைப் பற்றி ஒன்று, மகள் விட்டுப்போன செருப்பைப் பற்றி ஒன்று, தனக்குள்ளே பேசுகிறவளைப் பற்றி ஒன்று. எல்லாம் எனக்குப் புரிந்தது என்று புளுகமாட்டேன். நான் மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்துக்கொண்டு நின்றேன். தழும்புமேல் தழும்பாக அது வானம் வரைக்கும் போயிருந்தது. கோயிலில் நிற்கிற மாதிரி எனக்குக் கைகூப்பத் தோன்றியது, கூப்பவும் செய்தேன். "என்னுங்க இது, கூத்து" என்று என் கையைத் தட்டிவிட்டாள்.

இப்போது எங்கள் ஹாலில் புது மோட்டார்கள். அமைதியாகத்தான் இருக்கிறது. அவள் வேலையை விடவில்லை. டீ நேரத்தில் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு "இன்னைக்கு என்னங்க்கா?" என்று கேட்கிறார்கள். ஒடிசாப் பெண் அவளுடைய ஊர்ப்பாட்டு ஒன்றைப் பதிலுக்குப் பாடுகிறாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, நாலு பேர் கேலியும் பேசத்தான் செய்தார்கள். ஆனால் கேலி பேசியவர்களில் ஒருத்தி தன் மகள் வளைகாப்புக்கு நாலு வரி கேட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

போன மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, கரண்ட் போனால் தானாகவே ஜெனரேட்டரைப் போட்டுக்கொள்கிற பேனல் வாங்கிவிடலாமா என்று கேட்டார். புது மோட்டாருக்காக அவர் பின்னால் நாயாக அலைந்தவன் நான்தான். "அதெல்லாம் எதுக்குங்க, தண்டச்செலவு. நான் இருக்கறனல்லங்க" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். இப்போதெல்லாம் கரண்ட் போனால் அவன் ஓடிவருவதில்லை. இருந்த இடத்திலிருந்தே, "அண்ணே, ஏர் இருந்தா எடுத்துட்டே போடுங்கண்ணே!" என்று குரல் கொடுக்கிறான்.

நானும் முன்போல ஓடுவதில்லை. நடந்து போகிறேன். சாவியைப் போட்டுவிட்டுக் குனியாமல் நிமிர்ந்து நின்று ஜன்னல் பக்கம் திரும்புகிறேன். அவள் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன். வெளிச்சத்தைக் கொண்டுவருவதுதான் என் வேலை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, ஒருத்தி என்னை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்ததே விளக்கு போன நேரத்தில்தான் என்பதை நினைத்தால், சாவியைத் திருகப் போகிற கை இன்றைக்கும் கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறது.